கோச் கிரண்

அந்த வேலைக்குச் சேர்ந்த அன்று சாமுண்டீஸ்வரி கேட்ட முதல் கேள்வி, "ஆம்பளை பேர்லயா பேசணும்?" என்பதுதான்.

"பேச வேணாங்கா. டைப் அடிச்சா போதும்," என்றான் அருள்மொழி. அவளை வேலைக்கு எடுத்தவன் அவன். அவனை அவள் நேரில் பார்த்ததே இல்லை. போனில் வரும் மரியாதையான ஒரு குரல், அவ்வளவுதான். "ஜிம்முக்குப் போற ஆளுங்க பொம்பள சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க பேரு கோச் கிரண். போட்டோகூட நாங்களே வெச்சிட்டோம்."

போட்டோவில் சட்டை போடாத ஒருவன் பாதி இருட்டில் நின்றிருந்தான். தோள்கள் இரண்டும் பலாப்பழம் மாதிரி திரண்டிருந்தன. முகம் சரியாகத் தெரியவில்லை. அது யாருடைய படம் என்று அருள்மொழிக்கே தெரியாது.

சாமுண்டீஸ்வரிக்கு நாற்பத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தவள். கம்பெனி ஒரகடம் பக்கம் இடம் மாறியபோது அவளால் கூடப் போக முடியவில்லை. அம்மா படுக்கையில் இருந்தாள். இரண்டு வருடம் பார்த்துக்கொண்டாள். போன ஆவணியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கல்யாணத்தைப் பற்றி எடுத்துப் பேச அப்பா இருந்த காலத்தில் எதுவும் கூடி வரவில்லை. அப்பா போன பிறகு பேச ஆளில்லை.

அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் கழுவி விட்ட ரயில்கள் தெரியும். எல்லா விளக்கும் எரிய, ஒரு ஆள்கூட இல்லாமல், அவை மெதுவாக ஷெட்டுக்குள் போகும், வரும். அந்தச் சத்தத்தைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தம் இல்லை. அம்மாவின் காரியம் முடிந்த பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது டிவியை உரக்க வைத்து, தானும் அதோடு பேசிப் பார்த்திருக்கிறாள்.

வேலை கஷ்டமில்லை. கம்பெனி இணையத்தில் உடம்பை ஏற்றும் பொருட்களை விற்றது. ஊசி, மாத்திரை, எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி. வெளியே 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்று ஒட்டியிருக்கும். வாங்கினவர்கள் கம்பெனி கொடுத்த போனில், வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பார்கள். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று முப்பத்திரண்டு பதில்களை எழுதிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் சீட்டு வேண்டுமா என்று கேட்டால், 'வேண்டாம் ப்ரோ, எங்க டாக்டர் டீம் இருக்கு, அவங்க பார்த்துக்குவாங்க' என்று போட வேண்டும். டாக்டர் டீம் என்று யாரும் கிடையாது.

ஒருமுறை கேட்டாள். "பெட்டிக்குள்ள நிஜமா என்னதான் இருக்கு தம்பி?"

"மனுஷ உடம்புல தானா ஊர்ற ஹார்மோன்தாங்கா. அத கொஞ்சம் கூடுதலா குடுக்கறோம். பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல."

அன்று சாயங்காலமே அவள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இதையெல்லாம் விற்கக் கூடாது என்று இருந்தது. இதயம், ஈரல் என்று என்னென்னவோ போட்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊற வைத்த துணிகளைத் துவைக்கப் போனாள். அதற்குப் பிறகு அவள் தேடவில்லை.

உதயகுமார் வந்தது தை மாதத்தில்.

முதலில் எல்லோரையும் போல அவனும் சந்தேகம்தான் கேட்டான். அம்பத்தூரில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வயது முப்பத்தைந்து. ஆவடியில் ஜிம். சித்திரையில் நடக்கும் மாவட்ட ஆணழகன் போட்டியில் இறங்க ஆசை. ஏழு வருடமாக அதே குடோனில் இருந்தும் தன் பேர் தெரியாதவர்கள் பாதிப்பேர் என்று ஒருநாள் எழுதினான். முதல் பெட்டி முடிந்த மாதம், கேன்டீனில் ஒருத்தன் தோளைத் தொட்டு, 'அண்ணாத்தே, இன்னா சாப்புட்ற நீ?' என்று கேட்டானாம். அதை மூன்று தடவை எழுதினான்.

பிறகு தினமும் எழுத ஆரம்பித்தான். காலை ஐந்து மணிக்கு, 'கோச், ஏஞ்சிட்டேன்.' வேகவைத்த முட்டைகளின் படம். ஜிம் கண்ணாடியில் எடுத்த படம். அவள் பட்டியலில் இருந்து பதில் போடுவாள். 'சூப்பர் ப்ரோ, கலக்குங்க.'

ஒரு நாள் மத்தியானம் இப்படி வந்தது:

'கோச், நீ சாப்ட்டியா?'

முப்பத்திரண்டு பதில்களில் இதற்குப் பதில் இல்லை. சாமுண்டீஸ்வரி போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையல் மேடை ஓரம் நின்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. ஒரு ஆளுக்காக உலை வைக்கவே அலுப்பாக இருந்தது. 'சாப்ட்டேன் ப்ரோ' என்று அடித்து அனுப்பினாள். அப்புறம் அது பொய்யாக இருக்க வேண்டாம் என்று ஒரு பிடி அரிசியைக் கழுவி வைத்தாள்.

மாசியில் அவன் கேட்டான். 'ஊட்ல யார் யார் கீறாங்க கோச்?'

'அம்மா இருந்தாங்க. ஆவணில தவறிட்டாங்க. இப்ப தனியாத்தான்.'

அவன் தரப்பில் எழுதுவதும் நிறுத்துவதுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று. 'எனக்கும் அம்மா இல்ல கோச். ஒரு அக்கா கீது, செய்யாறுல. வருசத்துக்கு ஒரு தபா பாப்பேன். நீயும் நானும் ஒரே கேஸு.'

அப்புறம் அவன் எதையும் மறைக்கவில்லை. பெண் பார்த்து இரண்டு இடம் தட்டிப்போனதைச் சொன்னான். பெட்டியில் வந்த மருந்து தன் உடம்பில் செய்கிற மாற்றங்களை, ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் மட்டுமே சொல்லக்கூடியவற்றைக்கூட, கூச்சப்படாமல் எழுதினான். அவள் அவற்றைப் பாதி கண்ணை மூடிக்கொண்டுதான் படித்தாள். 'அதெல்லாம் சரியாயிடும் ப்ரோ' என்பது இருபத்தோராவது பதில்.

'போட்டிக்கு நீ வரணும் கோச். முன்னாடி வரிசைல உனுக்கு ஒரு சேர் போட்டு வெக்கிறேன்.'

'பாக்கலாம் ப்ரோ' என்றாள். போகலாம் என்றே நினைத்தாள். கடைசி வரிசையில், எவனுக்கோ அக்கா மாதிரி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம். எந்தப் புடவை என்றுகூட யோசித்து வைத்தாள்.

மூன்றாவது பெட்டி போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். 'கோச், கால் வீங்கிக்கினு கீது. ஷூவே ஏற மாட்டேங்குது. மாடி ஏறுனா மூச்சு வாங்குது.'

அவள் அருள்மொழியிடம் கேட்டாள். அவன் உடனே ஒரு பதில் அனுப்பினான். அதை அப்படியே எடுத்துப் போட்டாள்: 'தண்ணி கோத்துக்கும் ப்ரோ, நார்மல்தான். உப்பைக் குறைங்க. கோர்ஸை நடுவுல விட்ராதீங்க.'

எட்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது.

'படுத்தா மூச்சு முட்டுது கோச். மூணு நாளா சேர்ல உக்காந்துகினேதான் தூங்குறேன்.'

சாமுண்டீஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். அம்மாவுக்கு முதலில் ஒரு தலையணை இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று. அப்புறம் கட்டிலே ஆகாமல் நாற்காலிக்கு வந்தாள். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்று டாக்டர் படம் போட்டே விளக்கியிருந்தார். நாற்காலிக்கு வந்த பிறகு அம்மா பத்து நாள்தான் இருந்தாள்.

இந்தத் தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. 'உதயா, இது நார்மல் இல்ல. ஊசி, மாத்திரை எல்லாத்தையும் நிறுத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ.'

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. அதே வாட்ஸ்அப் கணக்கை அருள்மொழியும் அவன் இடத்திலிருந்து பார்க்க முடியும் என்பதை அவள் மறந்திருந்தாள்.

"அக்கா, நீங்க டாக்டரா?"

"இல்ல தம்பி, ஆனா எங்கம்மாவுக்கு..."

"டாக்டர் இல்லல்ல? அப்ப டாக்டர் மாதிரி பேசாதீங்க." குரலில் கோபமே இல்லை. "நா பாத்துக்கறேன். இன்னிக்கு நீங்க ரெஸ்ட் எடுங்க."

அவள் கண் முன்னாலேயே அவள் எழுதியது அழிந்தது. அதே இடத்தில், கிரண் பெயரில், புதிதாக ஒன்று முளைத்தது. 'ஸாரி ப்ரோ, அது வேற ஆளுக்குப் போக வேண்டிய மெசேஜ். நீங்க கன்டினியூ பண்ணுங்க. போட்டிக்கு இன்னும் பதினெட்டே நாள்!'

'பயந்தே பூட்டேன் கோச்,' என்று வந்தது உதயகுமாரின் பதில். பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மை.

அவனுடைய எண் அவளிடம் இருந்தது. தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டிருக்கலாம். எடுத்தால் என்னவென்று சொல்வது? கிரணுக்குப் பெண் குரலா என்று கேட்டால்? இந்த வேலையும் போனால்? நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். பின்னாளில் அவள் தன்னை மன்னிக்க முடியாமல் போனது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எதுவும் வரவில்லை. ஆறுக்கும் இல்லை. எட்டு மணிக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். பெட்டி அனுப்பும் பட்டியலைத் திறந்து விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

அண்ணனூரிலிருந்து அடுத்த ஸ்டேஷன் ஆவடி. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முத்தாபுதுப்பேட்டை. மூன்று மாதமாக எங்கோ தூரத்தில் இருப்பவன் போலப் பேசிக்கொண்டிருந்தவன், முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருந்திருக்கிறான்.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. கீழே வீட்டுக்காரம்மா, நாகம்மாள், வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மேல உதயகுமார் இருக்காராம்மா?"

"கீறான். ரெண்டு நாளா எறங்கியே வர்ல. நீ யாரும்மா?"

"கம்பெனிலேந்து வர்றேன்," என்றாள். அது பொய்யும் இல்லை.

கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருந்த ஸ்டூலில் தலையணையைப் போட்டு, அதன்மேல் கவிழ்ந்திருந்தான். படங்களில் பார்த்த அதே கைகள். ஒவ்வொன்றும் அவளுடைய தொடை அளவு. ஆனால் தலையைத் தூக்க அவனால் முடியவில்லை. உதடு கறுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஏதோ கொப்பளிக்கிற மாதிரி சத்தம். சுவரோரம் மூன்று பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"யாரு..." என்றான்.

"பேசாத. எழுந்திரிக்க முடியுதா?"

முடியவில்லை. அவள் ஓடிப்போய் நாகம்மாளைக் கூப்பிட்டாள். நாகம்மாள் ஈரக் கையோடு வந்து பார்த்து, "ஐயய்யோ, இன்னாடா ஆச்சு உனுக்கு! ஆணழகன், ஆணழகன்னு திரிஞ்சியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரரையும் பக்கத்து வீட்டு அப்பாவுவையும் கத்திக் கூப்பிட்டாள். நாலு பேரும் சேர்ந்து நாற்காலியோடு அவனைக் கீழே இறக்கினார்கள். பெட்டிகளில் ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு சாமுண்டீஸ்வரி ஆட்டோவில் ஏறினாள். அவன் எடை முழுக்க அவள் தோளில் சாய்ந்தது. ஆவடி போகும் வரை அவள் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஜமீலா என்று சின்ன வயது டாக்டர் ஒருத்தி இருந்தாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு அவன் தோள்களைப் பார்த்தாள்.

"என்ன மருந்து எடுத்துக்கறீங்க?"

"புரோட்டீன் பவுடர்தான் மேடம்," என்றான் அவன், முகமூடிக்குள்ளிருந்து.

"வேற எதுவும் இல்லையா? உண்மையைச் சொன்னாதான் நான் சிகிச்சை பண்ண முடியும்."

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

"இருக்கு," என்றாள் சாமுண்டீஸ்வரி.

சொன்னாள். ஊசி எது, மாத்திரை எது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த மாதத்திலிருந்து, எல்லாவற்றையும். கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவள், பாதியில் நிமிர்ந்தாள்.

"இவ்வளவு துல்லியமா எப்படித் தெரியும்? நீங்க அவருக்கு யாரு? அக்காவா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பில் முடித்திருக்கலாம். அவனும் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை.

"நான் யாருமில்ல டாக்டர். இதை இவருக்கு வித்த கம்பெனில வேலை செய்யறேன். தினமும் எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுத்தது நான்தான்." அவன் பக்கம் திரும்பினாள். "கிரண் நான்தான் உதயா."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். நரை ஓடிய தலை, அவசரத்தில் கசங்கிய பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. ரொம்ப நேரம் பார்த்தான்.

"இல்ல," என்றான்.

அன்று மத்தியானமே அவனை ஆம்புலன்சில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் இதயம் பாதிக்குக் கீழேதான் வேலை செய்கிறது, இனி கனமான எதையும் தூக்கக் கூடாது, மாத்திரை கடைசி வரைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நான்காவது நாள் அவள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். செய்யாறிலிருந்து வந்திருந்த அக்கா ராதிகா அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். விஷயம் முழுக்க இன்னும் அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்த நல்லவள் என்று மட்டும் நினைத்திருந்தாள். பிளாஸ்க்கில் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனாள்.

உதயகுமார் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நீங்க வந்து இட்டாந்தீங்க. உசிரோட கீறேன். அதுக்கு நன்றி மேடம்."

"மேடம்லாம் வேணாம்."

"வேற இன்னா சொல்றது?" மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினான். "நா இன்னா இன்னாவோ எழுதிக்கீறேன். ஒரு பொம்பளையாண்ட பேசற பேச்சா அது? அத்தினியும் நீங்க படிச்சிகினு இருந்தீங்க."

"படிச்சேன். அம்மா தவறினது, நான் தனியா இருக்கறது, அதெல்லாம் நிஜம் உதயா. அதுல ஒண்ணுகூட நான் பொய் எழுதல."

"ஆஸ்பத்திரிக்குப் போன்னு எழுதிட்டு, அது வேற ஆளுக்குன்னு சொன்னது?"

"முதல்ல எழுதினது நான். ரெண்டாவது என்னை வேலைக்கு எடுத்தவன்."

"எனுக்கு எப்டித் தெரியும், எது யாருன்னு?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "இனிமே வராதீங்க," என்றான். அவள் பழங்களை அலமாரியில் வைத்துவிட்டு, ராதிகா திரும்பி வருவதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனாள். கம்பெனி கொடுத்த போன், முப்பத்திரண்டு பதில்கள், விலாசப் பட்டியல், எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தாள். அங்கே இருந்த அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதுல உங்க பேரும் வரும்மா. தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

மத்தியானம் வரை உட்கார வைத்து வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். அருள்மொழியின் எண் அன்றே அணைந்துவிட்டது. அந்த இணையக் கடை பதினோரு நாள் மூடிக் கிடந்தது. பிறகு வேறு பெயரில், வேறு நிறத்தில், அதே பெட்டிகளோடு திறந்தது. அவள் அந்த விலாசத்தையும் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொரட்டூரில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பிரித்து மடிக்கும் வேலை கிடைத்தது. அங்கே பெண்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே மடித்தார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராதிகா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்து அடிப்பதாகச் சொன்னாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. திட்டுவாள் என்று சாமுண்டீஸ்வரி காத்திருந்தாள். அவள் திட்டவில்லை.

"எங்கூடவே கூட்டிகினு வந்துட்டேங்க்கா. எங்க ஊட்டுக்காரரு ஜெராக்ஸ் கடைல உக்காந்துக்கீறான். ஒரு தண்ணி கேன்கூடத் தூக்க வுட்றதில்ல. ஒடம்பெல்லாம் எளைச்சிப் பூட்டான்."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறானா?"

"சாப்புட்றான்." ராதிகா கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க. அவன்தான் கேக்கச் சொன்னான். நீங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தி, இல்லாங்காட்டி நீங்க லீவு போட்ட நாள்ல, கிரண்ணு ஒருத்தரு நெசமாவே கீறாரா? எப்பனாச்சும் அவரு எழுதிக்கீறாரா? நீங்க ஆஸ்பத்திரில சொன்னத வெச்சிப் பாத்தா இல்லன்னு நானும் சொல்லிட்டேன். அவன் கேக்க மாட்டேன்றான். ஒரு தபா கேட்டுப் பாருக்கான்றான்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் ரயில் தண்டவாளங்கள்மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் இருந்தார், வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார் என்று சொல்லலாம். அவன் அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவான். ஆனால் என்றைக்காவது அதே போட்டோவை வேறு ஒரு கடையில் பார்ப்பான். பார்த்தால் எழுதுவான்.

"இல்லம்மா," என்றாள் சாமுண்டீஸ்வரி. "அப்படி யாரும் இல்ல. நான் ஒருத்திதான் இருந்தேன்."

அந்தப் பக்கம் ராதிகா போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ மெல்லச் சொல்வது கேட்டது.

"சரிங்க்கா," என்றாள் ராதிகா. "சொல்லிட்டேன்."